சோணைமுத்துவின் பந்தயக் குச்சி

சோணைமுத்து சீட்டில் தோற்ற வெறியில் பட்டாசுக் கம்பெனியைக் கொளுத்தப் போனானாம். கேட்டிலேயே தீக்குச்சியோடு அமுக்கிவிட்டார்களாம். நாரணாபுரம் முழுக்க இதே பேச்சு. பரப்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் கூட உட்கார்ந்து ஆடியவனும் நான்தான், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மத்தியானம் நாலு பேர் சாக்கு விரித்து உட்காருவோம். ஆட்டம் போக்கர். செல்போனில் பார்த்துப் படித்துவந்து கற்றுக்கொடுத்தவன் சோணைமுத்து. "ஆளுக்கு ரெண்டு சீட்டுண்ணே, யாருக்கும் காட்டப்படாது. நடுவுல அஞ்சு, எல்லாருக்கும் பொது. ஏழுல நல்ல அஞ்சா சேத்துக்கிடணும். சீட்டு மொக்கையா? மூஞ்சியில காட்டாம பந்தயத்தக் கூட்டுங்க. எதிராளி பயந்து சீட்டக் கவுத்துட்டா நீங்கதேன் ஜெயிச்சீக."

காசு கிடையாது. குச்சிதான் பந்தயம். அவன் மனைவி முருகேஸ்வரி தீப்பெட்டி ஆபீசிலிருந்து கொண்டுவரும், மருந்து முக்காத வெறும் குச்சி.

அவனுக்கு வேலை, வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில். யாராவது செருப்பை உரசி நடந்தால் தோள் குலுங்கும். நான் பீடி எடுத்தால் பத்தடி தள்ளிப் போய்விடுவான். "அணைச்சிட்டுக் கூப்பிடுங்கண்ணே." அதே ஆள் சீட்டைப் பிடித்தால் முகம் கல். கையில் ஒன்றுமில்லாமல் என் ஜோடி ராஜாவைக் கவிழ்க்க வைத்திருக்கிறான்.

போன ஞாயிறு எனக்குக் குச்சி தீர்ந்தது. விடுவேனா? பீடிக்கு வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் குவியலில் போட்டேன். அவன் ஜெயித்தான், பார்க்காமல் அள்ளிச் சட்டைப்பையில் போட்டான். வீட்டில் கொட்டியபோது ஒன்று மட்டும் பைத் தையலில் சிக்கிக்கொண்டது. எது என்று சொல்ல வேண்டுமா?

திங்கள் காலை அதே சட்டை. மிச்சம் முருகேஸ்வரி சொன்னது: அறை வாசலில் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கப் போன விரலில் குச்சி தட்டியிருக்கிறது. நுனியில் மருந்து. தீபாவளி சீசன், தீக்குச்சியோடு உள்ளே நின்றால் வேலை போச்சு. தூக்கி எறியவும் இடமில்லை, சுற்றிலும் வெடி காய்கிறது. உள்ளே நாற்பது பேர்.

நாலு நாளாக வீட்டில் இருக்கிறான். கம்பெனி கூப்பிடுமா என்று தெரியவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் முருகேஸ்வரி எழுந்து நிற்கிறாள். நேற்றுப் போய், ஒன்றும் அறியாதவன் மாதிரிக் கேட்டேன்.

"செக்கிங்ல புடிச்சுட்டாகளாமேப்பா?"

"எவன் புடிச்சான்? வாட்ச்மேன் தடவிப் பாத்து உள்ள விட்டுட்டாரு. நாந்தேன் திரும்பிப் போயி குச்சிய அவரு கையில வச்சேன். இதையும் சேத்துப் பரப்புங்க."