நாற்பதாம் கோட்டில் ஒட்டிய வரைபடம்

ஆபீஸில் அவருக்குக் 'கட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. வெள்ள மீட்பு ஆபீஸில் சுவர் வரைபடம் அவர் பொறுப்பு. வயர்லெஸ்ஸில் யாராவது ஆறு எண் சொன்னால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்த இடத்தில் ஊசி குத்திவிடுவார்.

முதல் மூன்று எண் மேற்கிலிருந்து கிழக்கே. பின் மூன்று தெற்கிலிருந்து வடக்கே. கோட்டுக்குக் கோடு ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு மூன்றிலும் முதல் இரண்டு கோட்டின் எண்; கடைசி எண், அந்தக் கோட்டிலிருந்து கட்டத்துக்குள்ளே எத்தனை நூறு மீட்டர் என்று சொல்லும். "முதல்ல நட, அப்புறம் ஏறு. சுவர்கிட்டப் போகாம எவனாவது ஏணி வைப்பானா?" என்பார், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம்.

கூடப்பிறந்தது ஒரே தங்கை. பதினோரு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபிறகு தூக்கி வளர்த்தது அவர்தான். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தவர், சதுப்பில் படகோட்டி நீர்மட்டம் அளக்கிற ஆள். "உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டதற்கு, தெருப்பெயர் சொல்லாமல் ஆறு எண் சொன்னார். கட்டத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"என் மூஞ்சியை ஒருத்தரும் பாக்கலை. மச்சானும் மாப்பிள்ளையும் மேப்பைப் பாத்தே கல்யாணத்தை முடிச்சுட்டீங்க" என்று தங்கை பல வருஷம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சுவர்ப் படம் இரண்டு தாள். மேற்குத் தாள் நாற்பதாம் கோட்டில் முடியும், கிழக்குத் தாள் நாற்பதில் தொடங்கும். ஓரம் நைந்துபோனதால், ஒரு கோடைக்காலத்தில் இரண்டையும் கழற்றி, வெட்டி, அவரே பசை போட்டு ஒன்றாக ஒட்டினார். அச்சடித்த எண்கள் வெட்டோடு போனதால், சிவப்பு மையில் கையால் வரிசையாக எழுதினார். "இணைப்பே தெரியாம ஒட்டியிருக்கீங்களே!" என்று அதிகாரியே மெச்சினார்.

தங்கை புருஷனைத் தண்ணீர் பிடித்த நாள் மழையோடு மூடுபனி. மதியம் சாப்பாட்டு நேரம். வயர்லெஸ்ஸில் அவர் குரல் வந்தது.

"மச்சான், படகு கோரையில மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறுது. எழுதிக்கோ. நாலு ஆறு மூணு, ரெண்டு ஒண்ணு எட்டு."

"திரும்பச் சொல்லு மாப்ளே."

"நாலு ஆறு மூணு, ரெண்டு ஒண்ணு எட்டு. நீ சொல்ற மாதிரி நடந்து, ஏறிட்டேன். நீ சீக்கிரம் வா."

ஊசி குத்தினார். உடைந்த பாலத்துக்குக் கிழக்கே மூன்றாவது வாய்க்கால் என்று, கையில் வரைபடம் இல்லாத மீட்புப் படகுக்காரர்களுக்குச் சொன்னார். அவர்கள் மூன்றாவது வாய்க்காலில் இருட்டும்வரை கூவிக்கொண்டே திரிந்தார்கள். பதில் குரல் இல்லை.

இரண்டு நாள் கழித்து வெள்ளம் எங்கோ அடித்துக்கொண்டுபோன படகும் உடலும் கிடைத்தன. விசாரணை வைத்தார்கள். இறந்தவர் பதற்றத்தில் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று எழுதி முடித்தார்கள். கட்டமும் கையெழுத்துப் போட்டார். வேறென்ன நினைக்க முடியும் அவரால்? முப்பது வருஷத்தில் அவர் ஊசி தப்பியதில்லையே.

தங்கைக்கு அந்த வார்த்தைதான் சாவைவிட வலித்தது. அவள் புருஷனின் அண்ணன், தன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "தான் எங்க நிக்கிறோம்னே தெரியாதவன் தண்ணி அளக்கப் போனானாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் தங்கை ஆபீஸுக்கே வந்தாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த தாள். படகிலிருந்து எடுத்த அவள் புருஷனுடைய வரைபடம்.

"அண்ணே, இதுல பென்சில்ல ஒரு புள்ளி வச்சிருக்காரு. அவரு தப்பாச் சொன்னாரான்னு நீயே பாத்துச் சொல்லு. வேற யாரு சொன்னாலும் நம்பமாட்டேன்."

கட்டம் தாளை விரித்தார். வெட்டாத தாள், அச்சடித்த எண். புள்ளி 463218-இல் கச்சிதமாக இருந்தது. ஆனால் இருந்தது இரண்டாவது வாய்க்காலில். சுவரைப் பார்த்தார். அவருடைய சிவப்பு எண்படி அதே 463218 மூன்றாவது வாய்க்கால்.

விரலை வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணினார். ஒட்டின இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. கிழக்குத் தாளை நாற்பதில் வெட்டாமல் நாற்பத்தொன்றில் வெட்டியிருந்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசைக் கட்டமே குப்பைக்குப் போயிருந்தது. நாற்பத்தொன்றுக்கு நாற்பது என்று பெயர் வைத்து, அங்கிருந்து கிழக்கே எல்லாவற்றையும் ஒரு கிலோமீட்டர் தள்ளி எழுதியிருந்தார். அந்த இடம் முழுக்கச் சதுப்பு. இரண்டு தாளும் பொருந்தவில்லை என்று காட்டிக்கொடுக்க ஒரு ரோடுகூட இல்லை. ஒட்டின நாளிலிருந்து அதுவரை அந்தப் பக்கமிருந்து யாரும் உதவி கேட்டதுமில்லை.

"சொல்லுண்ணே, அவரு தப்பாவா சொன்னாரு?"

"அவன் சரியாத்தான் சொன்னான்மா."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதைப் பார்த்தபிறகு மீதியைச் சொல்வது மலையைப் புரட்டுவதாக இருந்தது. சொன்னார். சுவருக்குக் கூட்டிப்போய், விரலை வைத்துக் காட்டியும் சொன்னார்.

அவள் அழவில்லை. "அன்னிக்கு எவ்வளவு தூரத்துல தேடினாங்க?"

"ஒரு கிலோமீட்டர்."

"கூப்பிட்டாக் கேக்குமா?"

"அந்த மழையில கேக்காது."

"எழுதிக் குடு. உன் கையெழுத்துல."

எழுதிக் கொடுத்தார். அதையே இன்னொரு தாளில் எழுதி அதிகாரியிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு இழுப்பறைக்குள் தள்ளினார். "ஃபைலை மூடியாச்சுய்யா. புதுப் படம் அடுத்த மாசம் வருது. போனவன் திரும்பியா வரப்போறான்? நீங்க போய் வேலையைப் பாருங்க."

ஃபைலில் இன்றுவரை பழைய வரிதான். தங்கை மட்டும் தன்னிடமிருந்த தாளை புருஷனின் அண்ணன் முன்னால் சத்தமாகப் படித்தாளாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டம் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கதவைப் பாதி திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே தங்கையின் சின்ன மகள், "மாமா வந்தாச்சு!" என்று குதித்தாள்.

"இனிமே வராதே அண்ணே" என்றாள் தங்கை, மெதுவாக. "அவ உன்னை மாமான்னு ஆசையாக் கூப்பிடறா. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. அதைக் கேட்டுக்கிட்டு நிக்கவும் எனக்குத் தெம்பில்லை."

கதவைச் சாத்தினாள். வாசலில் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்ள அவருக்கு வெகுநேரம் பிடித்தது.