லோக்கலில் மட்டும் தெரிந்த கடிதம்

கம்ப்யூட்டர் தொழிலில் வேலை செய்கிற நேரம் கொஞ்சம்தான். வேலைக்கு மெஷினைத் தயார் பண்ணுவதிலேயே ஆயுசு போய்விடும். இதே நுகத்தில் மாட்டிய உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலை ஜங்ஷனில் மருந்துக்கடை மாடியில் ராபின்சன் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு தமிழ் எழுத்தைக் காட்டுகிற ப்ளக்-இன் ஒன்றை எழுதுவது என் பாடு. ஓணத்துக்குள் அது ஓடாவிட்டால் கம்ப்யூட்டரை விற்று ஃபோட்டோஸ்டாட் மெஷின் வாங்கிவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அப்புறம் புரோகிராம் எழுதுகிறவனுக்கு அங்கே என்ன சோலி?

எனக்கு லோக்கல் வேண்டாம்

முதல் வாடிக்கையாளர் பக்கத்துச் செங்கல் ஊர்க்காரர் செல்லையன் மாமா. மகள் ஷீலா பஹ்ரைனில் நர்ஸ். ஃபோனில் பேசினால் இரண்டு பேரும் அழுதே காசைத் தீர்த்துவிடுவார்களாம். அதனால் அவர் சொல்லச் சொல்ல நாங்கள் தமிழில் அடித்து இன்டர்நெட்டில் போடவேண்டும், அவள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் வாசிப்பாள். "முதல்ல லோக்கல்ல, நம்ம மெஷின்லயே ஓட்டிப் பாத்துட்டு வெளிய விடுவோம் மாமா" என்றேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"மக்கா, எனக்க மோளுக்க காரியமாக்கும். லோக்கல் சாதனம் வேண்டாம், ஒரிஜினலே போடு."

கடைசி ஃபிளாப்பி

ப்ளக்-இன் எழுத, எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரு நண்பனிடமிருந்து அதை ஒரு கட்டு ஃபிளாப்பியில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே வந்த மெஷின், கடைசி ஃபிளாப்பியை மட்டும் வாசிக்க முடியாது என்றது. திரும்பப் போய் வேறொன்று வாங்கிவந்தேன். அதுவும் அப்படியே. யாரைத் திட்ட? அண்ணன் அதை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

"எலே, இதில சாளை மணம் உண்டு. பஸ்ஸில மீன்கூடைக்க பக்கத்திலயா இருந்தே?"

பக்கத்து இலை

மூன்றாம் தடவை கம்பைலர் ஏறியது. இனி சுகம் என்று நினைத்தேன் பாருங்கள்! ஒரு வரியைத் திருத்தினால் முதலிலிருந்து கம்பைல் செய்து, பிரவுசரின் ஃபோல்டரில் கொண்டு வைத்து, பிரவுசரை மூடித் திறக்கவேண்டும். நடுவில் கரண்டு போனால் எல்லாம் மறுபடியும். ஒரு வாரம் என்ன திருத்தினாலும் திரையில் ஒன்றும் மாறவில்லை. எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அந்த மெஷினில் பிரவுசர் இரண்டு இடத்தில் கிடக்கிறது. நான் வைத்தது ஒன்றில், திறந்தது இன்னொன்றை. டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் சிந்துவிடம் புலம்பினேன். அவள் சிரிப்பை அடக்கவே இல்லை.

"அப்போ ஒரு வாரமா நீங்க சோறு விளம்புனது பக்கத்து எலையிலயாக்கும்!"

கொம்பு முளைத்த எழுத்து

ஓணத்துக்கு முன்னால் ஓடியது. 'அன்புள்ள ஷீலா மோளுக்கு' என்று எங்கள் திரையில் கண்ணாடி போலத் தமிழ். மாமா கண்ணைத் துடைத்தார், அண்ணன் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக்கொடுத்தார். நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஷீலா ஃபோன் பண்ணினாள். நாங்கள் சொன்னபடி ப்ளக்-இன்னை அங்கே போட்டும், புள்ளியும் கொம்பும் வைத்த இங்கிலீஷ் எழுத்துகள்தான் தெரிகிறதாம். தேடினேன். கல்யாணக் கார்டு அடிக்க எங்கள் மெஷினில் எப்போதோ ஏற்றிய தமிழ் எழுத்துரு உண்டு. பிரவுசர் அதை எடுத்துக் காட்டியிருக்கிறது. என் ப்ளக்-இன் ஒரு துரும்பைக்கூடத் தூக்கவில்லை. வெட்கத்தில் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஃபோட்டோஸ்டாட் ஓட்டப் படிச்சுக்கிடுவியாலே?"

முதல் காப்பி

ஓணம் கழிந்து ஃபோட்டோஸ்டாட் மெஷின் வந்தது. முதலில் படியேறி வந்தவர் செல்லையன் மாமா. ஷீலாவுக்குக் கைப்பட எழுதிய கடிதம். தபாலில் போடுமுன் தனக்கு ஒரு காப்பி வேண்டும் என்றார். எடுத்துச் சூடாக நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, மனம் நோகாதபடி மெல்லக் கேட்டார்.

"மக்கா, இது லோக்கல்ல மட்டுந்தானா, இல்ல பஹ்ரைன்லயும் தெரியுமா?"

அன்றுமுதல் யாராவது 'எனக்க மெஷினில ஓடுதே' என்று சொன்னால், எழுந்துபோய் ஒரு சாயா குடித்துவிட்டு வருகிறேன்.