ஒன்பதாம் வீட்டுப் படி

பேய், பிசாசு கதையென்றால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுக்கக் கேட்ட பிறகு நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள், அப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் ராத்திரி வந்து கதவைத் தட்டிய கதை அங்கே வீட்டுக்கு ஒன்று இருக்கும், நான் எதற்கும் காது கொடுத்ததில்லை. தொழில் ஏசி மெக்கானிக். சத்தம் வந்தால் ஒரு பேரிங் போயிருக்கும், இல்லையென்றால் ஒரு ஸ்க்ரூ கழன்றிருக்கும், மூன்றாவதாக ஒரு காரணம் உண்டென்று யாராவது சொல்லியிருந்தால் அவனைக் கிண்டல் பண்ணியே ஓட்டியிருப்பேன்.

நான் ஓமானில் வேலை பார்த்தபோது நடந்தது இது. ஜபல் அக்தர் மலைமேலே, மரக்காட்டுக்குள் பன்னிரண்டு குட்டி வீடுகள். குட்டி என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம், அந்த அளவு. ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, சிங்க், மூலையில் கக்கூஸ், ஏணி வைத்து ஏறினால் பரணில் படுக்கை. மஸ்கட்டில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் எளிமையாக வாழ வேண்டுமென்று வாங்கிப் போட்டது. எங்கள் கேம்பில் ஆறு பேர் படுக்கும் ரூமும் அதே அளவுதான், எங்களை யாரும் எளிமையென்று மெச்சினதில்லை, அது போகட்டும்.

கோடையில் அந்த இடம் நிரம்பி வழியும். குளிர்காலம் வந்தால் அத்தனை பேரும் கீழே இறங்கிவிடுவார்கள், காவலுக்கும் பராமரிப்புக்குமாக ஒரு ஆள் மட்டும் மேலே இருக்க வேண்டும். அந்த ஆள் நான், எனக்குப் படுக்கை கேட் பக்கத்துக் காவல் அறையில். வாரத்துக்கு ஒரு தடவை டிரைவர் கரீம் பாய் வந்து குப்பூஸ் ரொட்டியும் தண்ணீர் கேனும் காய்கறியும் இறக்கி வைத்துவிட்டு, "கலாஸ் பாய்", வேலை முடிந்தது என்று பத்து நிமிடத்தில் வண்டியைத் திருப்பிவிடுவார். மற்ற ஆறு நாளும் மனித முகமே கிடையாது. அந்த மரங்கள் பார்க்க நம் ஊர்ச் சவுக்கு மாதிரி இருக்கும், காற்றடித்தால் அதே இரைச்சல், கண்ணை மூடினால் கடல், திறந்தால் வெறும் கல். ஒரு மாதத்தில் நான் காலையில் எழுந்து எனக்கு நானே குட்மார்னிங் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதீர்கள், நீங்கள் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்க் குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடவிட வேண்டும், இல்லையென்றால் குளிரில் பைப்புக்குள் உறைந்து வெடித்துவிடும். கதவுக்குப் பின்னால் ஒரு செக் லிஸ்ட் தொங்கும். தேதி, தண்ணீர், கரண்ட், உள்ளே தங்கியிருப்பவர் எத்தனை பேர், கடைசியில் கையெழுத்து. கல்ஃபில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்த செக் லிஸ்டும் அன்றன்றைக்கு எழுதப்படுவதில்லை. நானும் சனிக்கிழமை காலையில் ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆட்கள் கட்டத்தில் எப்போதும் பூஜ்யம், கை தானாகவே எழுதும். ஒன்பதாம் வீட்டுக்கு மட்டும் தண்ணீரும் கிடையாது. டேங்க் விரிசல் விட்டிருந்ததால் லைனை நானே அடைத்துவிட்டிருந்தேன். அதனால் அந்த வீட்டுக்குள் சனிக்கிழமை ஒரு தடவை எழுதப் போவதோடு சரி.

ஆனால் அதன் வாசல்படியில் தினமும் உட்காருவேன். அந்த மலையில் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தப் படிதான். என் மனைவி ரெஜினா குவைத்தில் நர்ஸ், ஃபர்வானியாவில் ரூம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது மொத்தமே ஐந்து மாதம். அவளுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்திருந்தது அந்த ஏப்ரலில்தான், அதை நினைத்துத்தான் நான் அந்தக் குளிரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் டூட்டிக்குக் கிளம்புமுன் பேசுவோம்.

ஒருநாள் பேச்சின் நடுவே கேட்டாள், "அங்க யாரு பாத்திரம் கழுவுது?"

"யாருமில்ல பிள்ள. காத்தா இருக்கும்."

"காத்துக்கும் பாத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்தது தண்ணீரே இல்லாத வீடு. சரி, லைனில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து யாரோ இருமினார்கள் என்றாள். அதற்கும் அடுத்த வாரம், நான் கரீம் பாயைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் சட்டென்று இடைமறித்தாள்.

"சிரிக்கது யாரு?"

"நான்தான் சிரிச்சேன்."

"நீங்க சிரிச்சது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பொறவு ஒராளு சிரிச்சுது. நீங்க சொல்லுகது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு."

நான் சத்தியம் செய்தேன், அந்தோணியார் மேல் ஆணையிட்டேன், கோபப்பட்டும் பார்த்தேன். ஒரு ஆண்பிள்ளை மலையில் தனியாக இருக்கிறான், பக்கத்தில் யாரோ சிரிக்கிறார்கள், அவன் யாருமில்லை என்று சாதிக்கிறான். அவள் இடத்தில் யார் இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான்கு நாள் அவள் போனை எடுக்கவில்லை. அந்த நான்கு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள், உலகத்தில் என் குரலைக் கேட்க இருந்த ஒரே ஆளும் போய்விட்டாள். ஐந்தாம் நாள் எடுத்து ஒரே வார்த்தை சொன்னாள்.

"ஏப்ரல் லீவ நான் கேன்சல் பண்ணப் போறேன். நீங்க சந்தோஷமா இருங்க."

"நீ வீடியோல வா. உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன். ஒரு ஊசி அளவு இடம் விடாம காட்டுதேன், பொறவு நீ என்ன வேணும்னாலும் பண்ணிக்க."

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது, ஆனாலும் நல்ல வெளிச்சம். கதவைத் திறந்து உள்ளே போனேன். சிங்கைக் காட்டினேன், காய்ந்து கிடந்தது. குழாயைத் திருகினேன், ஒரு சொட்டு வரவில்லை. கக்கூஸ், அலமாரி, ஏணியில் ஏறிப் பரண், எல்லாம் காட்டினேன். படம் விட்டு விட்டுத்தான் வந்தது.

"கதவுக்குப் பின்னால என்ன தொங்குது?" என்றாள்.

"செக் லிஸ்ட்."

"பக்கத்துல கொண்டு போங்க."

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க சார்ட் பார்க்கிறவள், வரிவரியாக வாசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "ஆளு எத்தனைங்கிற இடத்துல ஒண்ணுன்னு எழுதியிருக்கியளே, ஏன்?"

பார்த்தேன். சனி முதல் வெள்ளி வரை ஏழு கட்டத்திலும் ஒன்று. என் கையெழுத்து, என் பேனா, நான் ஒன்று போட்டால் தலையில் ஒரு கொக்கி விழும், அந்தக் கொக்கியோடு. மற்ற பதினொரு வீட்டிலும் பூஜ்யம்தான், மறுநாள் ஓடி ஓடிப் பார்த்தேன். இதை மட்டும் ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று கேமராவை என் முகத்துக்குத் திருப்பி, "பாத்தியா பிள்ள, நான் மட்டும்தான் இருக்கேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையில் அவள் கண் என் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. கோபமெல்லாம் வடிந்து, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள், "நீங்க பொய் சொல்லல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. திரும்பிப் பாக்காம மெதுவா வெளிய வாங்க."

வந்துவிட்டேன். அந்த வாரமே கரீம் பாய் வண்டியில் கீழே இறங்கிவிட்டேன், விசா கொடுத்த கஃபீல் திட்டியதெல்லாம் தனிக் கதை. ஏப்ரலில் இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். என்ன பார்த்தாய் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், சொல்ல மாட்டாள். ஊர்க் கோயிலில் ஒரு மெழுகுதிரி கூடுதலாகக் கொளுத்தினாள். இது யாருக்கு என்றேன். "பேரு தெரியலியே" என்றாள். ஒன்று சொல்கிறேன், பயத்தைவிட எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. நான் அங்கே தனியாக இருக்கிறேன் என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன், என் பேச்சைக் கேட்டுச் சிரிக்க முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்திருக்கிறது.

இப்போது துபாயில், அல் கூஸில் எட்டுப் பேர் ரூமில் இருக்கிறேன். ரெஜினா போன் செய்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்குமுன், "ரூம்ல எத்தன பேரு?" என்று கேட்பாள். நான் எண்ணிச் சொல்வேன். கொஞ்ச நேரம் ரூமின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு "சரி" என்பாள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஒவ்வொரு நாளும் இது வழக்கம்.

போன வெள்ளிக்கிழமை பகலில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள், நான் மட்டும் கட்டிலில் கிடந்தேன். அவள் கூப்பிட்டாள், எத்தனை பேர் என்றாள். "நான் மட்டும்தான் பிள்ள" என்றேன்.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லவில்லை. "செருப்ப மாட்டிட்டு வெளிய போய்ப் பேசுங்க" என்றாள்.