மோரி ஐயா விட்டுப்போன நரி

பேய், பில்லி என்று யாராவது பேச்செடுத்தால், "போய் வேலயப் பாருங்க" என்று எழுந்து போகிறவள் நான். இன்றைக்கும் பேயை நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இதை என்னவென்று சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தொண்ணூற்று நாலோ ஐந்தோ, கிணத்துக்கடவு பக்கம் ஒரு மில்லின் கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலையில் இருந்தேன். புதிதாக வந்த தறிகளை மாட்டிக் கொடுக்க ஜப்பானிலிருந்து மோரி என்று ஒருவர் வந்து மூன்று மாதம் தங்கினார். அறுபது வயதிருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை, அதிலேயே பேசிக்கொள்வோம். வந்த இரண்டாம் நாளே, தினமும் சாயங்காலம் உப்பில்லாமல் இரண்டு உளுந்து வடை தனியாக வேண்டும் என்றார். சாப்பிடத்தான் என்று நினைத்தேன். பார்த்தால், தட்டோடு கொண்டுபோய்ப் பின்பக்க வேலியோரம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். கால் மணி நேரத்தில் தட்டு காலி. காக்காயோ நாயோ வந்து நான் பார்த்ததில்லை. ஓர் எறும்புகூட அந்தத் தட்டில் ஏறியதில்லை, நம்பினால் நம்புங்கள்.

யாருக்கு இது என்று ஒருநாள் கேட்டேன். நரிக்கு என்றார். அவர்கள் ஊரில் சில குடும்பங்களுக்கென்று நரி உண்டாம், மற்றவர் கண்ணுக்குத் தெரியாதாம், தின்னக் கொடுக்கும்வரை வீட்டைக் காக்குமாம், மறந்தால் வீட்டு ஆள் மேலேயே ஏறிக்கொள்ளுமாம். அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் போகுமாம். தனக்கு அக்கா தங்கையும் இல்லை, மகளும் இல்லை, அம்மா செத்ததிலிருந்து தன் பின்னாலேயே வருகிறது என்றார். கடல் தாண்டியுமா என்று கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் மகள் ரேவதிக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என்னிடம் வந்துவிடுவாள். கடைசி வாரம் முழுக்க அவர் அவள் கையில் தட்டைக் கொடுத்து வேலியோரம் வைக்கச் சொல்லியிருக்கிறார், நான் அடுப்படியில் இருந்ததால் கவனிக்கவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று எனக்குக் கை கூப்பினார். ரேவதிக்கு முன்னாலோ இடுப்பு வளையக் குனிந்து, ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு அத்தனை மரியாதை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாலாம் நாள் ரேவதிக்குக் காய்ச்சல். மருந்துக்கு இறங்கவில்லை. சோற்றைத் தொடாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, எங்களுக்குப் புரியாத எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பொள்ளாச்சியில் டாக்டரிடம் காட்டினோம், ரத்தத்தில் ஒன்றுமில்லை என்றார். காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து, "பசிக்குதுங்கம்மா" என்றாள்.

"இந்தா கண்ணு, கஞ்சி குடி."

"எனக்கில்லீங்கம்மா. அதுக்கு."

"புள்ள காய்ச்சல்ல உளறுது அம்மணி, நீ பயந்துக்காத" என்றார் என் வீட்டுக்காரர். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். மாவாட்ட ஊறப்போட்டிருந்த உளுந்தில் ஒரு கை எடுத்து அரைத்து, உப்புப் போடாமல் இரண்டு சுட்டு, கொல்லையில் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைப்பதற்குள் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டுவிட்டது. தட்டைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, வீட்டுக்காரர்தான் எடுத்து வந்தார். காலி.

அன்றிலிருந்து ஒருநாள் விடாமல் வைக்கிறேன். அந்த மனிதர் தெரிந்தேதான் செய்தாரா, இல்லை குழந்தைதானே என்று விளையாட்டாகக் கொடுத்தாரா? மில்லில் விலாசம் வாங்கி எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

ரேவதி நன்றாகத்தான் இருக்கிறாள். மதுக்கரையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். எங்கள் தெருவில் ஏழெட்டு நாய், யார் போனாலும் விரட்டும். அவளைக் கண்டால் மட்டும் குரைப்பதில்லை. எழுந்து சாக்கடையோரம் ஒதுங்கி, அவள் தாண்டிப் போகும்வரை தலையைத் தூக்காமல் நிற்கின்றன.