அறுத்த முகத்தில் நீலப் புள்ளிகள்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பல வருஷம் எனக்கு ஒரே வேலைதான். கரண்டுப் பெட்டிக்குப் போடுகிற பியூஸ் கட்டைக்கான வெள்ளை மண், மிஷினிலிருந்து உருளையாக வரும். அதைக் கம்பியால் அறுத்து, அறுத்த முகத்தைப் பார்ப்பேன். ஒன்றிரண்டு கரும்புள்ளி இருந்தால் நகத்தால் கிள்ளி எடுத்துவிடலாம். கூட்டமாக இருந்தால் இரும்புத்தூள் கலந்துவிட்டது, அந்த மண் எதற்கும் ஆகாது. "தள்ளு" என்பேன். மேஸ்திரி மறுபேச்சுப் பேச மாட்டார். ஐந்தாவது வரை படித்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். அந்த ஒரு இடத்தில் மட்டும் என் சொல் எடுபட்டது.

என் வீட்டுக்காரருக்கு அதே பட்டறையில் சூளை வேலை. போன வருஷம் அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். அதை அவரிடமே சொல்லிவிட்டார்கள். மேற்கொண்டு விவரம் கேட்கப் போன அன்று அவருக்கு மூச்சு வாங்கியதால் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"அம்மா, அந்தக் கட்டியை மெலிசா சீவி, சாயம் போட்டுப் பெருசாக்கிப் பாத்திருக்கோம். இந்த நீலப் புள்ளியைப் பாருங்க. எவ்வளவு இருக்குது."

ரோஸ் நிறத்தில் ஒரு அறுத்த முகம். அதற்குள் புள்ளி, கேழ்வரகை அள்ளி இறைத்த மாதிரி. என் விரல் தானாக மடங்கி நகம் உள்ளங்கையில் பதிந்தது. தள்ளு என்று உள்ளே ஒரு குரல் சொல்லிவிட்டது.

அதன் பிறகு டாக்டரம்மா வெகுநேரம் பேசினார். சத்தம் கேட்டது, பேச்சு ஏறவில்லை.

"புரிஞ்சுதாம்மா? எதுனா கேக்கணுமா?"

"புரிஞ்சுதுங்க."

அடுத்த வாரம் வந்து ஊசி ஆரம்பிக்கச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், "என்னா சொன்னாங்க?"

"மாத்திரையே போதும்னுட்டாங்க" என்றேன்.

சீட்டை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். போகப் போகிற மனுஷனைப் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, ஊசியால் குத்தி வதைக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதை நல்லது என்று நினைத்தேன் பாருங்கள், எழுதவே கை கூசுகிறது.

மனசு தாங்காமல் திட்டக்குடியில் இருக்கிற நாத்தனாரிடம் போனில் சொல்லி அழுதேன். கட்டி முழுக்கப் புள்ளி, இனி ஒன்றுமில்லை என்று. அவள் மறுநாளே வந்து தங்கிவிட்டாள். அவள் வாயிலிருந்து சேதி சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போனது. ஆளாளுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

"என்னா புள்ள, பழக்கடை வைக்கப் போறமா?" என்று முதலில் சிரித்தார். ரெண்டு நாள் கழித்து மெதுவாகக் கேட்டார், "எனக்கு எத்தினி நாளு சொல்லியிருக்காங்க?"

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அதுவே அவருக்குப் பதிலாகிவிட்டது. அன்றிலிருந்து கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

மூன்று வாரம் போனது. ஒரு பகல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள். ஏன் ஊசிக்கு வரவில்லை என்று நர்ஸம்மா கேட்டார்.

"இனிமே ஊசி எதுக்குங்க? கட்டி பூராப் புள்ளின்னு எங்க அண்ணி சொல்லுச்சே."

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே பேசினார். "அந்தப் புள்ளிங்க நோய் இல்லம்மா. நோயை எதுக்குற அவரோட ஒடம்பு அணுக்கள். சில பேருக்கு அது கட்டியோட ஓரத்துலயே நின்னுடும். இவருக்கு உள்ளயே போயி நிக்குது. குணமாயிடும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இது நல்ல அறிகுறி, மருந்து கேக்க வாய்ப்பு இருக்குது. இதைத்தான அன்னிக்கு அவ்வளவு நேரம் சொன்னேன்?"

நாத்தனார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன் அண்ணி, அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, பட்டறைக்குப் போனீங்களா?"

சுவர்ப் பக்கம் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "சீட்டு எங்க?" என்றார். அவர் பார்க்கவே அரிசி டின்னை நகர்த்தி எடுத்தேன். வாங்கி, மடிப்பைப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் போனோம். "மூணு வாரம் எதுக்கு வீணாக்குனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டது என்னைப் பார்த்துத்தான். வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், "நாந்தாங்க புடிவாதம் புடிச்சேன். பஸ்ஸு ஒத்துக்கல. இது கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார்.

"இனிமேலாவது உங்க வூட்டம்மா பேச்சைக் கேளுங்க ஐயா."

"கேக்குறேங்க."

இல்லைங்க, நான்தான் என்று சொல்ல நல்ல இடம் அது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊசி நடக்கிறது. கட்டி வளராமல் நிற்கிறது என்கிறார்கள். அந்த மூன்று வாரம் உள்ளே என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கஞ்சியை இப்போது மிச்சம் வைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, "வூட்டம்மா பேச்சைக் கேக்குறீங்களா?" என்கிறார். இவரும் "கேக்குறேங்க" என்கிறார். சீட்டை ஏன் ஒளித்தாய் என்று அவர் என்னிடம் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால்கூடத் தேவலை.