இரண்டு டிக் போட்ட சீட்டு

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் தராசு. யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பாள், யார் பக்கமும் சாயமாட்டாள். பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழுவதை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. ஊசியால் குத்தினாலும் தெரியாது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவள் அவளுடைய சிநேகிதி. தராசு சொல்லித்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வேலைக்கே வந்தாள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, நடந்து வந்து, கை தொட்டு, விலகுவார்கள். ஒரு நாளைக்கு நானூறு தடவை. அந்த நானூறு தடவையில் பேசாத கதை கிடையாது. உருளையில் ஈர விரிப்பை ஏற்றுகிறவள் தராசின் சொந்த அக்கா. ஒரே வீடு, ஒரே சமையல். அக்காவுக்கு வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு.

அந்த வருடம் நிர்வாகம் ஆறு பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. கடைசியாகச் சேர்ந்த ஆறு பேர். சிநேகிதி அதில் ஒருத்தி. ஆனால் தொழிலாளர் பிரதிநிதி கையெழுத்துப் போடாமல் அந்தப் பட்டியல் நகராது. பிரதிநிதித் தேர்தலோ அடுத்த வாரம். கையெழுத்துப் போடமாட்டேன் என்று அக்கா நின்றாள். அதையேதான் சொல்லிக்கொண்டு சிநேகிதியும் நின்றாள். மூன்றாவது ஆள் கொதிகலன் பார்க்கிறவன், அவனுக்கு அங்கே வைத்த பெயர் நீராவி. "பார்க்கலாம், பேசலாம்" என்பான். அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்பது அங்கே சுவருக்குக்கூடத் தெரியும்.

இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதானே, ஒருத்தி விலகினால் என்ன குடி முழுகிவிடும்? இதைத்தான் தராசு ஒரு வாரம் நாயாய் அலைந்து இருவரிடமும் கேட்டாள்.

"அவள விலகச் சொல்லு. நேத்து வந்தவ, அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் அக்கா.

"போகப்போறது என் வேலைடி. உங்க அக்கா கடைசி நிமிஷத்துல இளகிட்டா நான் எங்க போய் நிப்பேன்?" என்றாள் சிநேகிதி.

இரண்டிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

தேர்தலன்று அழுக்குத்துணி பிரிக்கும் அறையில் ஒரு அட்டைப்பெட்டியை மறைப்பாக வைத்திருந்தார்கள். சீட்டில் மூன்று கட்டம், ஒன்றில் மட்டும் டிக் போட வேண்டும். தராசு பேனாவும் கையுமாக நின்றாள். ஒருத்திக்குப் போட்டால் இன்னொருத்தி முகத்தில் எப்படி முழிப்பது? இவர்களில் யார் வந்தாலும் சரி, நீராவி மட்டும் வேண்டாம். அவள் மனசில் இருந்தது அவ்வளவுதான். அதைச் சொல்ல அந்தச் சீட்டில் இடமில்லை. அக்காவுக்கு ஒரு டிக் போட்டாள். கை நிற்கவில்லை, சிநேகிதிக்கும் ஒன்று போட்டாள். மடித்து ஓட்டுப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்துவிட்டாள், பைத்தியக்காரி!

சீட்டு எண்ணுவது எப்போதும் தராசுதான். அவளைத்தான் எல்லாரும் நம்புவார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. நீராவி பதினைந்து, அக்கா பதினான்கு, சிநேகிதி பதினொன்று. மிச்சம் ஒன்று. அதைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு டிக் இருக்கு. செல்லாது" என்று தன் வாயாலேயே சொன்னாள். கூடமே சிரித்தது.

"எந்த மகராசி அது? ரெண்டு பேர் வீட்லயும் விருந்து கேக்குதா?" என்று அக்காதான் உரக்கக் கத்தினாள். அப்புறம் கணக்குப் புரிந்து அவள் முகம் செத்துவிட்டது. சமமாக வந்தால் சர்வீஸில் மூத்தவருக்கு என்பது விதி. நீராவியைவிட அக்கா நாலு வருடம் மூத்தவள். அந்த ஒரு சீட்டு அக்காவுக்கு வந்திருந்தால் போதும். தராசு நாற்பத்தொரு சீட்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

பத்தாம் நாள் நீராவி கையெழுத்துப் போட்டான். சிநேகிதி தன் சாமான் பெட்டியைக் காலி செய்யும்போது தராசு பக்கத்தில் நின்றாள்.

"அந்த ரெண்டு டிக் உன்னுதுதானே?"

தராசு குனிந்து அவள் செருப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"விரிப்பு எண்ணிக்கை எழுதுற அட்டையில தினமும் பாக்குறேனே, வாலை இழுத்து இழுத்து நீ போடுற டிக்கை. எனக்குத் தெரியாதா?"

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா உங்க அக்கா உன்ன வீட்ல சேப்பாளா?" செருப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணு போட்டல்ல. சரி, விடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நின்ற இடத்தில் நிர்வாகம் சுவரில் இரண்டு கொக்கி அடித்தது. இப்போது தராசு விரிப்பின் இரண்டு முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மறுமுனையோடு சுவரை நோக்கி நடப்பாள். நானூறு தடவை. முதல் வாரம் வாய் தானாகப் பேச்செடுத்தது. பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

மறுவருடத் தேர்தலுக்குச் சங்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார்.

"போன தடவை பட்டியல் வேண்டாம்னு போட்டவங்க இருபத்தஞ்சு, பரவால்லன்னு போட்டவங்க பதினஞ்சு. ஜெயிச்சது பதினஞ்சு. இது என்னங்க நியாயம்?" என்றார். "இனிமே யார் யார் வந்தா உங்களுக்குச் சம்மதமோ அத்தனை பேருக்கும் டிக் போடுங்க. அதிகம் வாங்குறவங்க பிரதிநிதி. போன தடவை ஒருத்தர் ரெண்டு டிக் போட்டாங்களே, அதான் சரியான ஓட்டு."

எல்லாரும் கை தட்டினார்கள். தராசும் தட்டினாள். உள்ளங்கையில் ஒன்றும் உறைக்கவில்லை.

இந்தத் தடவையும் மூன்று பேர்: அக்கா, நீராவி, துணி ஏற்றுகிற லாரியின் டிரைவர். மறைப்புக்குப் பின்னால் அக்காவுக்கு ஒரு டிக் போட்டாள். இரண்டாவது டிக்குக்குக் கை தானாகக் கீழே இறங்கியது. அந்த வரிசையில் டிரைவர் பெயர் இருந்தது. அவளுக்கு வேண்டிய பெயர் சீட்டிலேயே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

முப்பத்தைந்து பேரில் இருபத்துநாலு டிக் வாங்கி அக்கா ஜெயித்தாள். போன ஆறு பேர் போனவர்கள்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா அவள் தோளில் கை போட்டாள். "எனக்குத்தானே போட்ட?"

"உனக்கு மட்டும்தான்க்கா."

"போன வருஷம்?"

தராசு நேரே பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"போன வருஷமும் உனக்குப் போட்டேன்."

அது பொய்யில்லை. அக்கா நம்பினாள்.