ஆர்னோல்ட் வகுப்பில் இருந்த நாள்

ஆர்னோல்ட் எங்கள் பல்கலைக்கழக வகுப்பிலேயே பெரிய கெட்டிக்காரன். வகுப்புக்கே வராத கெட்டிக்காரன். 2006இல் மட்டக்களப்பு டவுனில் நெட் கஃபே கதவு திறக்கும் முன்பே வாசலில் நிற்பான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை. தன் குடும்பப் பெயரைக் கணினியில் தட்டி, அதே பெயர்க்காரரை உலகமெல்லாம் தேடுவதுதான் அவனுக்கு வேலை. பின்னேரம் என்னிடம் ஓடி வருவான்.

"டேய் ரத்தினம், இண்டைக்கு மெல்பேர்னில மூண்டு பேர்! ஒருத்தர் பல் டொக்டராம்!"

"சோதினைய அவரா வந்து எழுதப்போறார்?" என்று ஏசுவேன்.

ஏசிவிட்டு, அடுத்த நாளும் வரவுத் தாளில் அவன் கையெழுத்தை நானே வைப்பேன். எண்பது வீதம் வரவு இல்லாவிட்டால் சோதனை எழுத விடமாட்டார்கள். அவன் கையெழுத்து எனக்கு அத்துப்படி. அதில் எனக்கு ஒரு மடத்தனமான பெருமையும் இருந்தது.

சோதனைக்கு இரண்டு கிழமை இருக்க, டவுனில் சுற்றிவளைப்பு! நெட் கஃபேயில் இருந்தவர்களை இராணுவ முகாமுக்கு ஏற்றிப்போய்விட்டார்கள். ஆர்னோல்ட் மாணவர் அட்டையைக் காட்டியிருக்கிறான். முகாமிலிருந்து பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். அலுவலகத்தில் அன்றைய வரவுத் தாளைப் பார்த்துப் பதில் சொன்னார்கள்: ஆர்னோல்ட் காலையிலிருந்து வகுப்பில் இருக்கிறார்.

அப்படியென்றால் முகாமில் நிற்பவன் யார்? இன்னொருவன் அட்டையோடு திரிகிறவன்! போர் நடந்த அந்த நாட்களில் அப்படி அகப்பட்டவன் வீடு திரும்புவான் என்று யாரும் நம்புவதில்லை.

அவன் அம்மா மேவிஸ் அன்ரி முகாம் வாசலிலிருந்து ஆட்டோ பிடித்து என்னிடம் வந்தார். "மகன், அது ஆர்னோல்டே இல்லையாம் எண்டு சொல்றாங்க!"

உண்மையைச் சொன்னால் என் சோதனையும் போய்விடும். அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. துறைத் தலைவரின் அறைக்கு ஓடினேன்.

"சேர், அந்தக் கையெழுத்து நான் வைச்சது. முகாமில இருக்கிறதுதான் ஆர்னோல்ட்!"

"சிநேகிதனக் காப்பாத்தப் பொய் சொல்றீரோ?"

மேசையில் கிடந்த தாளை இழுத்து, அவன் கையெழுத்தை ஐந்து தடவை வைத்துக் காட்டினேன். வரவுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் உடனே கடிதம் எழுதி, என்னையும் மேவிஸ் அன்ரியையும் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் பறந்தார்.

பொழுதுபட முன் ஆர்னோல்ட் வெளியே வந்தான்! ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். சந்தோசத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சோதினைக்கு இன்னும் ரெண்டு கிழமை இருக்குத்தானே மச்சான், நாளையில இருந்து ஒழுங்கா வாறன்," என்றான்.

"இந்த வருசம் நம்மள எழுத விடமாட்டாங்கடா."

"நம்மளயோ? உனக்கென்னடா, நீதான் ஒரு நாளும் பிந்தாம வந்தியே!"

நான் அவன் கையெழுத்தை விரலால் காற்றில் வைத்துக் காட்டினேன். விளங்கியதும் அவன் அப்படியே ரோட்டோரத்தில் குந்தி அழத் தொடங்கினான்.